சுவர்க்கோழிக்கு என்ன தீனி?

1970களின் பிற்பகுதியில் தாய்லாந்தின் மக்காச்சோளக் காடுகளில் வெட்டுக்கிளி விழுந்தது. அங்கே பத்தங்கா என்று சொல்லும் பம்பாய் வெட்டுக்கிளி அது. விமானத்திலிருந்து மருந்து தெளித்துப் பார்த்தார்கள், கட்டுக்குள் வரவில்லை. 1978-க்கும் 1981-க்கும் இடையில் அரசு வேறு வழியில் இறங்கியது. பிடித்துத் தின்னுங்கள் என்று பிரசாரம் செய்தது. எண்ணெயில் பொரித்து உப்புத் தூவினால் பத்தங்கா ருசிக்கிறது என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். சந்தையில் அதற்கு நல்ல விலை வந்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை: வெட்டுக்கிளி வந்து மேயட்டும் என்றே சில விவசாயிகள் மக்காச்சோளம் விதைத்தார்கள்.

பூச்சி உணவை ஆதரித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதன் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. தானே வந்து மேய்ந்தவரை பூச்சி இலவசம். மனிதன் அதை வேண்டுமென்று வளர்க்கத் தொடங்கிய நாள் முதல், கோழிக்கும் பன்றிக்கும் கேட்கிற கேள்வியை அதனிடமும் கேட்டாக வேண்டும்: தீனி எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வி நெடுங்காலம் யார் காதிலும் விழவில்லை. பூச்சியை உணவாக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. 'ஏன் பூச்சியைத் தின்னக் கூடாது?' என்ற பொருளில் தலைப்பிட்டு 1885-இலேயே இங்கிலாந்தில் வின்சென்ட் ஹோல்ட் ஒரு சிறு நூல் எழுதினார். 1951-இல் போடன்ஹைமர் உலகெங்கும் உள்ள பூச்சி உணவுப் பழக்கங்களைத் தொகுத்தார். 1975-இல் பென்னோ மேயர்-ரோகோ, உலக உணவுத் தட்டுப்பாட்டைப் போக்கப் பூச்சிகள் உதவுமா என்று கேட்டு எழுதினார். ஆனால் விஷயத்தைப் பத்திரிகைகளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது 2013-இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட அறிக்கைதான். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்னால்ட் வான் ஹெய்ஸும் கூட்டாளிகளும் எழுதியது. 1,900-க்கு மேற்பட்ட பூச்சி இனங்கள் உண்ணப்படுகின்றன, 200 கோடிப் பேரின் உணவில் பூச்சி இருக்கிறது என்று அது சொன்னது.

அந்த 200 கோடி என்ற எண் இன்றும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2022-இல் அதை எழுதியவர்களே திரும்பிப் பார்த்து, அப்படியோர் எண்ணை உறுதியாகச் சொல்லப் போதிய தரவு இல்லை என்று எழுதினார்கள். நேர்மையான காரியம். ஆனால் அந்தத் திருத்தத்தை எடுத்துப் போட்ட பத்திரிகைகள் குறைவு. அதற்குள் எண் தன் வேலையை முடித்திருந்தது. முதலீட்டாளர்கள் வந்துவிட்டார்கள், கம்பெனிகள் முளைத்துவிட்டன.

சத்து விஷயத்திலும் இதே மாதிரி ஒரு கணக்கு ஓடுகிறது. சுவர்க்கோழி மாவில் 60 முதல் 65 சதவீதம் புரதம், மாட்டிறைச்சியில் 20 சதவீதம்தான், ஆகவே மூன்று மடங்கு என்பார்கள். (இரவில் சமையலறை மூலையில் விடாமல் கிறீச்சிடுமே, அதுதான் சுவர்க்கோழி, உலகில் அதிகம் வளர்க்கப்படும் உணவுப் பூச்சிகளில் ஒன்று.) இது கருவாட்டையும் பச்சை மீனையும் ஒரே தராசில் வைப்பது போன்றது. உயிருள்ள சுவர்க்கோழியின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் தண்ணீர். புரதம் 20 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்; அதாவது இறைச்சிக்குச் சமம். தண்ணீரை வற்றவைத்துப் பொடித்தால் எதிலும் சதவீதம் ஏறத்தான் செய்யும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவதே வழக்கம். பூச்சியின் மேலோட்டிலுள்ள கைட்டின் என்ற பொருளிலும் நைட்ரஜன் இருக்கிறது, அது புரதமல்ல. வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2017-இல் மூன்று வகைப் புழுக்களை ஆராய்ந்து, முழுப் புழுவுக்குப் பெருக்கெண் 4.76 என்பதே பொருந்தும் என்றார்கள். சுவர்க்கோழிக்கும் ஏறக்குறைய அப்படியே என்று வைத்துக்கொண்டால், பாக்கெட்டில் 65 என்று அச்சிட்டிருப்பது 50-க்கு வந்து நிற்கும்.

இதனால் பூச்சி மட்டமான உணவாகிவிடாது. அவசியமான அமினோ அமிலங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அரிசியையும் மக்காச்சோளத்தையும் நம்பி வாழ்பவர்களுக்குப் பற்றாக்குறையாகும் லைசின் பல பூச்சிகளில் தாராளம். இரும்பு, துத்தநாகம், நல்ல கொழுப்பு, சில இனங்களில் பி12 என்று பட்டியல் நீளும். முழுசாகத் தின்பதால் கழிவும் குறைவு: சுவர்க்கோழியில் சுமார் 80 சதவீதம் உண்ணத் தக்கது, கோழியில் 55, மாட்டில் 40. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 20 பேருக்கு இரண்டு வாரம் தினமும் 25 கிராம் சுவர்க்கோழி மாவு கொடுத்துப் பார்த்தார்கள். கெடுதல் எதுவும் தெரியவில்லை. குடலில் நன்மை செய்யும் பாக்டீரியா ஒன்று பெருகியிருந்தது. 20 பேரை வைத்து அதற்குமேல் எதுவும் சொல்லிவிட முடியாது.

ஓர் எச்சரிக்கை மட்டும் உறுதியானது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் பூச்சியைத் தொடாமலிருப்பதே நல்லது. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள். ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமயோசின் என்ற புரதம் இரண்டிலும் உண்டு. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மாவுப்புழு கொடுத்துச் சோதித்தபோது பெரும்பாலோருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஐரோப்பாவில் இந்த எச்சரிக்கையை அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம்.

இனி தீனிக்கு வருவோம். அதற்குத் தாய்லாந்தின் வடகிழக்கைவிட நல்ல இடம் கிடையாது. கோன் கேன் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள் 1998 வாக்கில் சுவர்க்கோழி வளர்ப்பை அங்குள்ள விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 15 ஆண்டுகளுக்குள் நாட்டில் சுமார் 20,000 பண்ணைகள், ஆண்டுக்குச் சராசரி 7,500 டன் உற்பத்தி. பண்ணை என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகை, அதற்குள் சிமென்ட் கல் அடுக்கிய தொட்டிகள். தொட்டிச் சுவரின் உட்புறம் மேல்விளிம்பில் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிலும் ஒட்டியிருப்பார்கள்; ஏறிவரும் பூச்சி அங்கே கால் வழுக்கி உள்ளே விழும். மேலே கொசுவலை. உள்ளே முட்டைக்கடையில் வாங்கிய அட்டைகளை நெருக்கமாக நிறுத்திவைத்திருப்பார்கள். அவற்றின் குழிகளில்தான் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒண்டிக்கொண்டிருக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் முங்கிச் சாகும்.

இறக்கை முளைத்த ஆண்கள் கத்தத் தொடங்கினால் முட்டைக்குப் பருவம் வந்துவிட்டது என்று பொருள். உமிச்சாம்பலும் மணலும் கலந்து ஈரப்படுத்திய கிண்ணங்களை உள்ளே வைப்பார்கள். பெண் பூச்சிகள் அதில் ஊசிபோல் வால்முனையைக் குத்தி முட்டையிடும். கிண்ணத்தை எடுத்து வேறு தொட்டியில் வைத்தால் அடுத்த ஈடு தயார். முட்டை பொரித்ததிலிருந்து சுமார் 45 நாளில் அறுவடை. அட்டையை எடுத்து உதறினால் போதும், கத்தியோ கயிறோ வேண்டாம். கழுவி, வேகவைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அறுவடைக்குச் சில நாள் முன்பு தீவனத்தை நிறுத்திவிட்டுப் பூசணிக்காய், மரவள்ளி இலை என்று போடுவார்கள். பூச்சியில் தீவன வாடை போய் ருசி ஏறும் என்பது அவர்கள் அனுபவம். அப்படியானால் அதுவரை என்ன போட்டார்கள்? கோழித் தீவனம். அல்லது அதே பாணியில் சுவர்க்கோழிக்கென்று கம்பெனிகள் தயாரித்து மூட்டையில் விற்கும் தீவனம். சோயாப் புண்ணாக்கு, மக்காச்சோளம், மீன் தூள் எல்லாம் அதில் உண்டு. பண்ணையின் செலவில் பெரும்பங்கு அந்த மூட்டைக்குத்தான் போகிறது. கடலில் பிடித்த மீனும், காட்டை அழித்து விதைத்ததாக இருக்கக்கூடிய சோயாவும் அந்த மூட்டை வழியாகச் சுவர்க்கோழிக்குள் போகின்றன.

மூட்டைத் தீவனம் இல்லாமல் முடியாதா? வீட்டுக் கழிவைப் போட்டால் தின்னாதா? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மார்க் லண்டியும் மைக்கேல் பரெல்லாவும் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். இந்தத் துறையில் வந்த எழுத்துகளில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தச் சிறிய ஆய்வுதான். கோழித் தீவனம் தின்ற சுவர்க்கோழிகள், தின்ற புரதத்தில் 35 சதவீதத்தை உடலில் சேர்த்தன. பிராய்லர் கோழியும் கிட்டத்தட்ட அவ்வளவே சேர்க்கும். பெரிதாகப் பதப்படுத்தாத உணவுக் கழிவையும் வைக்கோலையும் போட்டு வளர்த்த கூட்டத்திலோ, 99 சதவீதத்துக்கும் மேல் அறுவடை அளவை எட்டுவதற்கு முன்பே செத்துவிட்டன. பூச்சி எதையும் தின்று வளரும் என்று பரவலாகச் சொல்லப்பட்டு வந்ததற்கு நேர்மாறான முடிவு.

ஒரு கிலோ எடை கூடச் சுவர்க்கோழிக்கு 1.7 கிலோ தீவனம், கோழிக்கு 2.5, பன்றிக்கு 5, மாட்டுக்கு 10 என்ற புகழ்பெற்ற ஒப்பீட்டையும் இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அது நல்ல தீவனம் போட்டால் வரும் கணக்கு. மாட்டோடு ஒப்பிட்டால் பூச்சி வெகு தூரம் முன்னே நிற்கும். ஆனால் மாட்டோடு ஒப்பிட்டால் கோழியும்தான் முன்னே நிற்கும்! உண்மையான போட்டி கோழியோடு. தாய்லாந்துப் பண்ணைகளையே எடுத்து, தீவனம் விளைவதிலிருந்து விற்பனை வரை சுற்றுச்சூழல் பாதிப்பைக் கூட்டிப் பார்த்த 2017 ஆய்வில் சுவர்க்கோழி பிராய்லரைவிட மேல் என்று வந்தது. பாதிப்பின் பெரும்பகுதி அங்கேயும் தீவனத்திலிருந்து வந்ததுதான்.

தாய்லாந்துக்கு ஒரு வசதி உண்டு. வெயில். பூச்சிக்கு உடல்சூடு சொந்தமாகக் கிடையாது. சுற்றுப்புறம் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அது தின்னும், வளரும். தின்றதை உடலைச் சூடாக வைத்திருக்கச் செலவழிக்காததால்தான் அதன் தீவனக் கணக்கு நன்றாக இருக்கிறது. குளிர்நாட்டில் அந்தச் சூட்டுக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். நெதர்லாந்தின் மாவுப்புழுப் பண்ணையை வைத்து 2012-இல் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு கிலோ புரதத்துக்கு மாவுப்புழு கேட்கும் நிலம் மாட்டிறைச்சி கேட்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். எரிசக்தியோ கோழியைவிட அதிகம், பன்றி, மாட்டுக்கு நிகர்.

ஐரோப்பாவின் கதை இங்கே தொடங்குகிறது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் மாவுப்புழுவை மனித உணவாக அங்கீகரித்தது. அடுத்தடுத்து வெட்டுக்கிளியும் சுவர்க்கோழியும் பட்டியலில் ஏறின. அதற்கு முன்பே பணம் கொட்டத் தொடங்கியிருந்தது. பிரான்சில் 2011-இல் தொடங்கிய இன்செக்ட் என்ற நிறுவனம் 60 கோடி டாலருக்கு மேல் திரட்டி, அமியான் நகரருகே அடுக்கடுக்காகத் தட்டுகள் உயரும் மாவுப்புழு ஆலை ஒன்றைக் கட்டியது. ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டவுனி ஜூனியர் தொலைக்காட்சியில் அதற்காகப் பேசினார். 2024-இல் நிறுவனம் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. 2025 இறுதியில் கலைக்கப்பட்டது.

அதன் நிர்வாகத்தில் என்னென்ன கோளாறு என்பது வேறு கதை. ஆனால் அடிப்படைச் சிக்கல் எந்த ஐரோப்பியப் பூச்சிப் பண்ணைக்கும் பொதுவானது. பைத்தியக்கார மாட்டு நோய்க்குப் பிறகு ஐரோப்பா வகுத்த விதிகளின்படி, வளர்க்கப்படும் பூச்சியும் கால்நடைதான். ஓட்டல் மிச்சமோ சாணமோ அதற்குப் போடக் கூடாது. போட அனுமதியுள்ள கோதுமைத் தவிட்டை மாடும் பன்றியும் ஏற்கெனவே தின்கின்றன. தவிட்டைக் காசு கொடுத்து வாங்கி, சூட்டுக்கும் காசு கொடுத்து, வளர்த்த புழுவைக் கடைசியில் மீன் தீவனமாகவும் நாய் உணவாகவும் விற்றால் மீன் தூளோடும் சோயாவோடும் விலையில் மோத வேண்டும். மனிதர்கள் வாங்கியிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். அவர்கள் வாங்கவில்லை. பூமிக்கு நல்லது என்று சொல்லிப் புழு பிஸ்கட்டை ஒருமுறை தின்ன வைக்கலாம். மறுபடி வாங்க வைப்பது ருசிதான். கோன் கேனில் மாலை வேளையில் வண்டிக்காரரிடம் பொரித்த சுவர்க்கோழி வாங்குபவர் கரியமில வாயுவை நினைத்து வாங்குவதில்லை.

நம் பக்கம் இந்த ருசியின் வரலாறு நீண்டது. கபிலர் பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் புறநானூற்று 119-ஆம் பாட்டில் மோரில் புளிக்க வைத்த ஈசல் வருகிறது. அகநானூறு 394-இல் வரகரிசியும் ஆட்டுத் தயிரும் ஈசலும் சேர்த்துச் சமைத்த புளிச்சோறு விருந்தாகிறது. இரண்டிலும் மழைக்காலம், இரண்டிலும் புற்று. ஏழ்மையின் உணவாக அங்கே அது பேசப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரின் வளத்துக்கும் விருந்தோம்பலுக்கும் சாட்சியாகவே ஈசல் வருகிறது.

இருளர்களும் கிராமத்து மக்கள் பலரும் இன்றும் ஈசல் பிடிக்கிறார்கள். மழை விட்ட அந்தியில், ஈசல் புறப்படத் தயாரான புற்றை அடையாளம் கண்டு, பக்கத்தில் சிறு குழி தோண்டிப் பானையைப் புதைத்து, விளக்கை வைத்துவிடுவார்கள். வெளிச்சத்துக்கு வந்து விழுவதை அள்ளி, காய வைத்து, முறத்தில் புடைத்தால் இறக்கை பறந்துவிடும். பிறகு வெறுஞ்சட்டியில் வறுப்பது. பொரியோடும் மிளகாயோடும் கலந்து தின்பார்கள். எண்ணெய் ஊற்ற வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. ஈசலே கொழுப்பு. புதுக் கூடு அமைக்கப் பறந்து போகும் கறையான்தான் ஈசல்; முதல் குஞ்சுகள் வளர்ந்து இரை தேடும்வரை அது வெளியே போவதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பையும், இனிமேல் வேண்டாத பறக்கும் தசையையும் கரைத்தே காலம் தள்ளும். அந்தச் சேமிப்பைத்தான் நாம் வறுத்துத் தின்கிறோம்.

தீனிக் கேள்வியில் ஈசல் அப்பழுக்கில்லாமல் தேறும். சருகையும் செத்த மரத்தையும் தின்று, வயிற்றில் செரிக்காததைப் புற்றுக்குள் பூஞ்சணம் வளர்த்துச் செரிக்க வைக்கும் உயிர் அது. மழைக்குப்பின் புற்றைப் பிளந்துகொண்டு வரும் புற்றுக்காளானும் அந்தப் பூஞ்சணம்தான். மனிதன் ஒரு பிடி தீவனம் போடுவதில்லை. ஆனால் அதைப் பெருக்கவும் வழியில்லை. ஒரு புற்று முதிர்ந்து ஈசல் விடப் பல வருடம் ஆகும். விடுவதும் வருடத்தில் சில மாலைகள்தான். காட்டில் கிடைப்பதைச் சந்தைக்குத் தக்கபடி அள்ளினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கப் பகுதியின் மொப்பானிப் புழு உதாரணம். நகரத்தில் கிராக்கி ஏற ஏற, சில இடங்களில் புழு அரிதாகிவிட்டது. மண் கெட்டால் பூச்சியும் கெடும் என்பதும் உண்டு: மெக்சிகோவின் ஓஹாகாவிலிருந்து வந்த வெட்டுக்கிளித் தின்பண்டத்தில் ஈயம் இருந்தது கலிஃபோர்னியாவில் குழந்தைகளின் ரத்தச் சோதனை வழியாகத் தெரியவந்தது. பூச்சிமருந்து அடித்த வயலின் வெட்டுக்கிளியைத் தின்னக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கழிவைத் தின்று உண்மையிலேயே கொழிக்கும் பூச்சி ஒன்று உண்டு: கருப்பு சிப்பாய் ஈயின் புழு. காய்கறிச் சந்தைக் குப்பையை இரண்டு வாரத்தில் தின்று தீர்க்கும். ஆனால் குப்பையில் வளர்ந்ததை யாரும் தட்டில் வைக்கப்போவதில்லை. அது கோழிக்கும் மீனுக்கும் போகட்டும். அப்படிப் போனால் கடலில் பிடித்து அரைக்கும் மீன் கொஞ்சம் மிஞ்சும். பூச்சி நேரடியாக நம் வாய்க்கு வருவதைவிட இந்தச் சுற்றுவழியில் அதிக நன்மை இருக்கலாம் என்பது என் எண்ணம்.

நேரடியாகத் தின்பதற்கு, வேறொரு தொழிலின் மிச்சமாக வரும் பூச்சியே தீனிக் கணக்கில் தேறும். அது நம்மிடமே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மல்பெரி இலை போட்டு வளர்க்கும் பட்டுப்புழுவுக்கான செலவை முழுக்கப் பட்டு நூல் ஏற்றுக்கொள்கிறது. கூட்டை வெந்நீரில் போட்டு நூலை உருவிய பிறகு, உள்ளே வெந்த கூட்டுப்புழு மிஞ்சுகிறது. கொரியாவில் அதைப் பொண்டேகி என்று வேகவைத்துக் காகிதக் குவளையில் தெருவில் விற்கிறார்கள், டப்பாவிலும் அடைக்கிறார்கள். அஸ்ஸாமில் எரி பட்டின் கூட்டுப்புழு விரும்பித் தின்னும் பண்டம். அங்கே பல வீடுகளில் நூலைவிடப் புழுவுக்கே மதிப்பு அதிகம். நம் நூல் உருவும் பட்டறைகளில் கூட்டுப்புழு மீன் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது, மிச்சம் அழுகிப் போகிறது. கொழுப்பு மிகுந்தது என்பதால் சில மணி நேரத்திலேயே நாற்றமெடுக்கும். உணவாக வேண்டுமானால் குடிநீர்த் தரத்தில் வெந்நீர் வேண்டும், உருவிய அன்றே உலர்த்த வேண்டும், சீனாவில் இதைத் தின்று கடும் ஒவ்வாமைக்கு ஆளானவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருப்பதால் அட்டையில் எச்சரிக்கையும் வேண்டும். இதெல்லாம் நூல் உருவும் சிறு பட்டறைக்காரரின் கைக்காசில் நடக்காது. மீன் தீவனத்துக்குக் கொடுத்தால் கிடைப்பதைவிட எவ்வளவு கூடுதல் விலை கொடுத்தால் அவர் உலர்த்தும் இயந்திரம் வாங்குவார் என்பதைத்தான் முதலில் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.